ஆர்வி கேம்பிங் கிளப் அட்டை: யாருக்குக் கட்டுப்படியாகும்?

அமெரிக்காவில் ஆர்வி, அதாவது உள்ளேயே தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டி, வாங்கினால் வண்டிச் சாவியோடு நாலைந்து கிளப் விளம்பரங்களும் கைக்கு வந்துவிடும். ஒரு கிளப், வண்டியை நிறுத்தி இரவு தங்கும் கேம்ப்கிரவுண்ட் வாடகையில் பத்து சதவீதம் குறைக்கிறேன் என்கிறது. இன்னொன்று பாதியாகக் குறைக்கிறேன் என்கிறது. மூன்றாவது, வருடத்துக்கு ஒரு தொகையைக் கட்டிவிட்டு இரவு வாடகையே இல்லாமல் தங்கிக்கொள்ளச் சொல்கிறது. எல்லாவற்றிலும் சேரலாமா, எதிலுமே வேண்டாமா என்று குழம்பி நிற்பவர்கள் அதிகம். டல்லாஸ் பக்கம் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளோடு இருக்கும் குடும்பத்துக்கு ஒரு பதில், வீட்டை விற்றுவிட்டு வண்டியிலேயே வாழக் கிளம்பும் ஓய்வுபெற்ற தம்பதிக்கு வேறு பதில். ஆகவே எல்லாருக்கும் பொதுவான "சிறந்த கிளப்" என்று ஒன்றைத் தேடுவதில் பயன் இல்லை.

இங்கே வரும் விலைகள் ஏறத்தாழக் கணக்குதான். கிளப்புகள் அடிக்கடி விலையை மாற்றும், சலுகை விற்பனையும் நடத்தும். காசு கட்டும் முன் அன்றைய விலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து எடை போடுவது

முதலில் இரவுகளின் எண்ணிக்கை. அட்டை இல்லாவிட்டாலும் போயிருப்பீர்களே, அந்த இரவுகளை மட்டும் எண்ணுங்கள். "அட்டை கையில் இருந்தால் மாதம் இரண்டு முறையாவது கிளம்பிவிடுவோம்" என்று போடும் கணக்கு, ஜனவரி முதல் வாரத்தில் ஜிம்மில் சேரும்போது போடுகிற கணக்கு மாதிரி.

அடுத்து, இப்போது இரவுக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பது. பெரும்பாலான கணக்குகள் பிசகுவது இங்கேதான். கிளப் விளம்பரம் 60 டாலர் வாங்கும் தனியார் கேம்ப்கிரவுண்டை, அதாவது பார்க்கை, வைத்து மிச்சத்தைக் காட்டும். நீங்கள் வழக்கமாகத் தங்குவது 35 டாலர் மாநிலப் பூங்காவில் என்றால், உங்களுக்கு மிச்சமாவது அந்த 35 டாலர் மட்டுமே. 60 டாலர் இடத்தில் நீங்கள் ஒருநாளும் தங்கியிருக்கவே மாட்டீர்கள் என்றால் அந்த 60 உங்கள் கணக்கில் வரவே கூடாது.

மூன்றாவது, எந்த நாட்களில் போவீர்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு வெள்ளி, சனி இரவுகள், ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பள்ளி விடுமுறை, மெமோரியல் டே, லேபர் டே மாதிரி நீண்ட வார இறுதிகள். தள்ளுபடிகள் பெரும்பாலும் இதே நாட்களில்தான் இல்லாமல் போகும்.

ஹூக்கப் வேண்டுமா என்பதும் முக்கியம். தண்ணீர், மின்சாரம், கழிவுக்குழாய் மூன்றும் உள்ள இடம் ஒரு விலை, வெறும் நிலம் ஒரு விலை. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவை வைத்துக்கொண்டு ஆகஸ்ட் மாதத்து டெக்ஸாஸில் ஏசி இல்லாமல் ஒரு இரவு ஓட்ட முடியாது. அப்புறம், வெளியே வருவது எவ்வளவு எளிது என்று பாருங்கள். பல அட்டைகள் வருடம் முடிந்ததும் தானாகவே புதுப்பித்துக்கொண்டு கிரெடிட் கார்டில் கை வைக்கும்.

எல்லா அட்டைக்கும் பொதுவான மறைமுகச் செலவு ஒன்று உண்டு: எரிபொருள். கிளாஸ் சி எனப்படும் நடுத்தர அளவு வண்டி காலனுக்கு 8 முதல் 10 மைல் ஓடும். தள்ளுபடி பார்க்குக்காகப் பாதையை விட்டு 30 மைல் உள்ளே போய்த் திரும்பினால் ஆறேழு காலன் போய்விடும். காலன் 3 டாலர் என்று வைத்தாலும் 20 டாலர். பாதி விலைத் தள்ளுபடியில் மிச்சமான 25 டாலரில் கையில் நிற்பது ஒரு காபிக் காசு.

## ஒரு பார்வையில்

| எது | ஏறத்தாழச் செலவு | என்ன கிடைக்கும் | போட்ட காசு தேற |
|---|---|---|---|
| பாஸ்போர்ட் அமெரிக்கா | வருடம் 50 டாலர் | சேர்ந்துள்ள பார்க்குகளில் பாதி விலை | 2 இரவு |
| குட் சாம் | வருடம் 40 டாலர் | 10 சதவீதத் தள்ளுபடி | 8 இரவு (இரவுக்கு 50 டாலர் என்றால்) |
| கேஓஏ ரிவார்ட்ஸ் (கேஓஏ என்ற கேம்ப்கிரவுண்ட் சங்கிலியின் அட்டை) | வருடம் 40 டாலருக்குள் | கேஓஏவில் மட்டும் 10 சதவீதம் | 5 இரவு (இரவுக்கு 80 டாலர் என்றால்) |
| ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ் | திட்டத்தைப் பொறுத்து வருடம் 100 முதல் 200 டாலர் | பண்ணை, ஒயினரிகளில் ஒரு இரவு, ஹூக்கப் இல்லை | 5 முதல் 10 இரவு |
| தவுசண்ட் டிரெயில்ஸ் ஒரு மண்டலப் பாஸ் | வருடம் 700 டாலர் அளவில் | இரவு வாடகை இல்லை, விதிகள் உண்டு | 12 முதல் 20 இரவு |
| கூட்டரசு சீனியர் பாஸ் | ஆயுளுக்கு 80 டாலர் | பல கூட்டரசுக் கேம்ப்கிரவுண்டுகளில் பாதி விலை | 6 இரவு, ஒரே ஒரு முறை |

அட்டவணையின் கடைசி நெடுவரிசையைப் பார்த்துவிட்டு முதல் வரிசையை உடனே வாங்கிவிட வேண்டாம். அந்த இரண்டு இரவும் எந்தக் கிழமையில் வரும் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

## பாஸ்போர்ட் அமெரிக்கா: பாதி விலை, எந்த நாளில்?

1992 முதல் இருக்கும் கிளப். ஆயிரத்துக்கும் மேற்பட்ட தனியார் பார்க்குகள் இதில் உண்டு. ஒவ்வொரு பார்க்கும் தன் நிபந்தனையைத் தானே வைக்கும்: வெள்ளி, சனி கிடையாது, விடுமுறை நாள் கிடையாது, ஒரு இரவு அல்லது இரண்டு இரவு மட்டும். ஃபுளோரிடாவிலும் அரிசோனாவிலும் குளிர்காலக் கூட்டம் வரும் மாதங்களில் பல பார்க்குகள் சலுகையையே நிறுத்திவிடும். பார்க் உரிமையாளரின் பக்கம் நின்று பார்த்தால் இது நியாயம்தான். செவ்வாய்க்கிழமை காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் பாதிக் காசாவது வரட்டும் என்றுதானே அவர் இதில் சேர்கிறார். சனிக்கிழமை அவருக்கு உங்கள் அட்டை எதற்கு?

50 ஆம்ப் மின் இணைப்புக்கும் கூடுதல் ஆட்களுக்கும் தனிக் கட்டணம் இருக்கலாம். முன்பதிவு செய்யும்போதே "பாஸ்போர்ட் அமெரிக்கா விலை அன்றைக்கு உண்டா" என்று தொலைபேசியில் கேட்டுவிடுவது நல்லது. சில இடங்களில் மாதக் கணக்கில் நிரந்தரமாகத் தங்கியிருப்பவர்களே அதிகம் இருப்பார்கள். ஒரு இரவு தூங்கிவிட்டுக் கிளம்ப அது போதும், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மூன்று நாள் விடுமுறை கழிக்கப் போதாது.

வார நாட்களில் ஊர் ஊராக நகரும் ஓய்வுபெற்றவர்களுக்கு யோசிக்காமல் வாங்கச் சொல்வேன். நாடு குறுக்கே ஒரு நீண்ட பயணம் திட்டமிட்டிருந்தால் அந்த ஒரு வருடத்துக்கு மட்டும் வாங்கலாம். வார இறுதிக் குடும்பங்களுக்கு வேண்டாம்.

## குட் சாம், கேஓஏ: பத்து சதவீதக்காரர்கள்

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடலாம், சொல்ல அதிகம் இல்லை. குட் சாம் 1966-இல் தொடங்கியது. இப்போது கேம்பிங் வேர்ல்ட் என்ற ஆர்வி விற்பனைச் சங்கிலியோடு ஒரே குடைக்குள் இருக்கிறது. ஹோஸ், கழிவுத் தொட்டி மருந்து என்று அந்தக் கடையில் நிறைய வாங்குபவருக்கு அட்டைக் காசு கடையிலேயே தேறிவிடும். சாலையில் வண்டி நின்றுபோனால் வந்து இழுத்துப்போகும் திட்டத்தையும் இதே பெயரில் விற்கிறார்கள். அது தனிக் காசு, அட்டையோடு வருவது என்று நினைத்துவிடாதீர்கள்.

கேஓஏ 1962-இல் மொன்டானாவின் பில்லிங்ஸ் ஊரில், சியாட்டில் உலகக் கண்காட்சிக்குப் போகும் வண்டிகளுக்காக ஆரம்பித்தது. இன்று 500-க்கும் மேற்பட்ட இடங்கள். நீச்சல் குளம், விளையாட்டிடம், துணி துவைக்கும் இயந்திரம் எல்லாம் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். பத்து சதவீதம் குறைத்தபின்னும் பக்கத்து மாநிலப் பூங்கா பாதி விலைக்குக் கிடைக்கும். ஆனால் பெற்றோரையும் கூட்டிப் போகும் குடும்பங்களுக்கு ஒரு வசதி: அதே வளாகத்தில் கழிவறையோடு கூடிய கேபின் எடுத்து அவர்களை அதில் தங்கவைத்துவிட்டு, நீங்கள் வண்டியில் படுக்கலாம். கேபினுக்கும் தள்ளுபடி உண்டு. அப்படி ஒரு பயணம் ஐந்து இரவு போனாலே அட்டை அசலுக்கு மோசமில்லை.

## ஹார்வெஸ்ட் ஹோஸ்ட்ஸ்: ஓசி இரவு ஓசி இல்லை

ஒயினரி, பண்ணை, பியர் ஆலை, அருங்காட்சியகம் போன்றவற்றின் வளாகத்தில் ஒரு இரவு நிறுத்திக்கொள்ளலாம். வாடகை இல்லை. பதிலுக்கு அவர்கள் கடையில் ஏதாவது வாங்க வேண்டும் என்பது ஏற்பாடு. கிளப்பே 30 டாலர் அளவுக்கு வாங்கச் சொல்கிறது. இதை வைத்துக் கணக்குப் போட்டால், 50 டாலர் பார்க்குக்குப் பதிலாக இங்கே தங்கும் இரவில் மிச்சம் 20 டாலர். அதுவும் ஒரு ஒயின் பாட்டிலோடு நிறுத்திக்கொண்டால். இரண்டு பாட்டிலும் கொஞ்சம் சீஸும் என்று கை நீண்டால் பார்க்கே மலிவு. குடிக்காதவர்கள் பண்ணைகளைத் தேர்ந்தெடுத்தால் தேனும் முட்டையும் காய்கறியும் எப்படியும் வாங்கப்போகிற சாமான், கை கடிக்காது.

வண்டிக்குள்ளேயே கழிவறை, தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி இருக்க வேண்டும். கூடாரம் அடிக்க முடியாது. வெளியே அடுப்பு வைத்துத் தோசை வார்க்கும் கூட்டமாக இருந்தால் இது உங்களுக்கான இடம் இல்லை. ஜெனரேட்டர் ஓட்டலாமா என்பது அந்தந்த உரிமையாளர் விருப்பம். வாடகைக்கு ஆர்வி எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: வாடகை நிறுவனங்கள் பல, ஜெனரேட்டர் ஓடும் நேரத்துக்கும் மைலுக்கும் தனித்தனியாகக் காசு வாங்கும்.

2021-இல் பூண்டாக்கர்ஸ் வெல்கம் என்ற அமைப்பும் இதோடு சேர்ந்தது. அதில் தனிநபர்கள் தங்கள் வீட்டு இடத்தில் வண்டியை நிறுத்தவிடுகிறார்கள், சிலர் சிறு கட்டணத்துக்கு மின் இணைப்பும் தருவார்கள்.

காசு மிச்சம் என்று நினைத்து இதை வாங்கினால் ஏமாற்றம்தான். இரண்டு நீண்ட ஓட்டங்களுக்கு நடுவே, நெடுஞ்சாலைச் சத்திரத்துக்குப் பதிலாக ஒரு நல்ல மாலைப்பொழுது வேண்டும் என்பவர்களுக்கு இதைவிட இனிமையான ஏற்பாடு இல்லை. என் சொந்தத் தேர்வும் இதுதான், கணக்கு என்ன சொன்னாலும்.

## தவுசண்ட் டிரெயில்ஸ்: பெரிய தொகை, பெரிய விதிகள்

அதிகம் பேர் தயங்கி நிற்பது இந்த இடத்தில். தனக்கென்றே பார்க்குகள் வைத்திருக்கும் இந்தக் கிளப் 1969-இல் வாஷிங்டன் மாநிலத்தில் பிறந்து, 2008 முதல் ஈக்விட்டி லைஃப்ஸ்டைல் பிராப்பர்ட்டீஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருக்கிறது. நாட்டை ஐந்து மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்துக்கு ஒரு பாஸ் விற்கிறார்கள். அடிப்படைப் பாஸில் ஒரே பார்க்கில் 14 இரவு வரை தங்கலாம். பிறகு 7 இரவு அவர்களது அமைப்புக்கு வெளியே இருந்துவிட்டுத்தான் திரும்ப முடியும். 4 இரவு அல்லது அதற்குக் குறைவாகத் தங்கினால் அந்த வெளி இருப்பு தேவையில்லை, நேராக அடுத்த பார்க்குக்குப் போகலாம். முன்பதிவு 60 நாளுக்கு முன்தான் திறக்கும்.

முழுநேரம் வண்டியில் வாழ்பவருக்கு இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 14 இரவு உள்ளே, 7 இரவு வெளியே என்றால் வருடத்தில் ஏறத்தாழ 243 இரவு உள்ளே. 700 டாலரை வகுத்தால் இரவுக்கு 3 டாலர்கூட வராது. விளம்பரத்தில் பளிச்சென்று தெரிவது இந்த எண்தான். மிச்சமுள்ள 122 இரவு எங்கே தூங்குவது? 30 டாலர் வீதம் போட்டால் 3,660 டாலர். ஆக மொத்தம் வருடத்துக்கு 4,360 டாலர், இரவுக்கு 12 டாலர். மூன்று டாலர் கனவு நான்கு மடங்காகிவிட்டது. ஆனாலும் அமெரிக்காவில் இரவுக்கு 12 டாலருக்கு வருடம் முழுவதும் ஹூக்கப்போடு வாழ்வது மலிவு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வெளி இரவுகளைப் பாலைவனத்தில் ஓசியில் கழிக்கத் தெரிந்தவருக்கு இன்னும் குறையும்.

இதற்கு மேலும் செலவு வளரும். டிரெயில்ஸ் கலெக்‌ஷன் என்ற சேர்க்கைக்குச் சில நூறு டாலர் கூடுதலாகக் கட்டினால் என்கோர் என்ற பெயரிலுள்ள பார்க்குகளும் திறக்கும். அவற்றில் சில, இரவுக்கு 20 டாலர் அளவில் ரிசார்ட் கட்டணம் கேட்கும். பழைய பார்க்குகள் பலவற்றில் 30 ஆம்ப் இணைப்புதான். இரண்டு ஏசி உள்ள பெரிய வண்டிக்கு அது பற்றாது. வருடச் சந்தாதாரர்களுக்கு நிரந்தரமாகக் கொடுத்துவிடும் இடங்கள் கூடிக்கொண்டே போவதால் வந்துபோகிறவர்களுக்கு நல்ல இடம் கிடைப்பதில்லை என்பது உறுப்பினர்கள் வழக்கமாகச் சொல்லும் குறை.

வாங்கும் முன் வரைபடத்தை விரித்துப் பாருங்கள். மேற்குக் கரை, டெக்ஸாஸ், ஃபுளோரிடா, கிழக்குக் கரை என்று ஓரங்களில் பார்க்குகள் நெருக்கமாக இருக்கும். ஓர்லாண்டோ பக்கம் ஒன்று, லாஸ் வேகாஸில் ஒன்று, பென்சில்வேனியாவின் ஹெர்ஷி பக்கம் ஒன்று, யோசெமிட்டி போகும் வழியில் ஒன்று. ஆனால் யூட்டா, வயோமிங், மொன்டானா என்று வந்தால் வரைபடம் வெறிச்சோடிவிடும். ஆர்ச்சஸ், சயான், எல்லோஸ்டோன் தேசியப் பூங்காக்கள் என்று கனவு கண்டு வண்டி வாங்கியவருக்கு இந்தப் பாஸ் அந்தக் கனவில் ஒரு இரவைக்கூட நிரப்பாது. காசு கட்டிவிட்டோமே என்பதற்காகப் பாஸ் இருக்கும் ஊருக்கே திரும்பத் திரும்பப் போகிறவர்கள் உண்டு. அதுவும் ஒரு செலவுதான், எந்த ரசீதிலும் வராது.

வார இறுதிக் குடும்பத்துக்குப் பதில் எளிது: உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் குறைந்தது இரண்டு பார்க்குகள் இருந்து, வருடத்தில் இருபது இரவுக்கு மேல் அங்கே நிச்சயம் போவீர்கள் என்றால் வாங்கலாம். இல்லையென்றால் வேண்டாம்.

## கிளப்பே இல்லாமல்: அரசு நிலமும் அரசு அட்டையும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். தேசியப் பூங்கா போன்ற கூட்டரசு இடங்களுக்கான அமெரிக்கா தி பியூட்டிஃபுல் ஆண்டு அட்டை, நாட்டில் வசிப்பவர்களுக்கு 80 டாலர். அது நுழைவுக் கட்டணத்துக்கு மட்டும். தங்கும் கட்டணத்தில் ஒரு காசும் குறையாது. தங்கும் கட்டணத்தையும் பாதியாக்குவது சீனியர் பாஸ்: 62 வயது நிரம்பிய குடிமக்களுக்கும் கிரீன் கார்டு உள்ள நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் ஆயுள் முழுக்க 80 டாலர். சுற்றுலா விசாவில் வந்திருக்கும் அம்மா அப்பாவுக்குக் கிடைக்காது. கிரீன் கார்டு உள்ள பெற்றோர் உடன் வந்தால் அவர் அட்டையில் வண்டியில் இருக்கும் எல்லாரும் நுழையலாம், அவர் தங்கும் இடத்துக்குப் பல கூட்டரசுக் கேம்ப்கிரவுண்டுகளில் பாதி விலை. ராணுவப் பொறியாளர் படை நடத்தும் ஏரிக்கரை முகாம்களும் இதில் அடங்கும். அட்லாண்டாவுக்கு வடக்கே லேனியர் ஏரி, டெக்ஸாஸ் எல்லையில் டெக்ஸோமா ஏரி என்று நம்மவர்கள் அதிகம் வாழும் ஊர்களுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. தண்ணீரும் மின்சாரமும் உள்ள இடங்கள், இரவுக்குப் பாதி விலை. தகுதி உள்ள எவரும் மற்ற அட்டைகளைப் பற்றி யோசிக்கும் முன் இதை வாங்கிவிட வேண்டும்.

மாநிலப் பூங்காக்களில் கவனிக்க வேண்டியது நுழைவுக் கட்டணம். டெக்ஸாஸில் தங்கும் கட்டணம் போக, தலைக்கு நாள் ஒன்றுக்கு நுழைவும் கட்ட வேண்டும். பன்னிரண்டு வயது வரை இலவசம். நான்கு பெரியவர்கள் மூன்று நாள் தங்கினால் அதுவே ஒரு இரவு வாடகையைத் தாண்டும். 70 டாலர் மாநிலப் பூங்கா பாஸ் வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் அதை நீக்கிவிடும்.

நில மேலாண்மைப் பணியகத்தின் நிலங்களிலும் தேசியக் காடுகளிலும் பொதுவாக 14 நாள் வரை இலவசமாகத் தங்கலாம், எந்த வசதியும் இருக்காது. அரிசோனாவின் குவார்ட்சைட் பக்கம் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க 180 டாலர். ஏழு மாதத்துக்கு அவ்வளவுதான். ஹூக்கப் கிடையாது. கூரையில் சோலார் இருந்தால் தவுசண்ட் டிரெயில்ஸை இதோடு வைத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

முழுநேரம் வண்டியில் வாழப்போகிறவர்களுக்கு மட்டும் ஒரு கிளப்பைச் சொல்வேன்: எஸ்கேப்பீஸ். 1978-இல் தொடங்கியது, டெக்ஸாஸின் லிவிங்ஸ்டனில் தலைமையிடம். பார்க் தள்ளுபடி இருக்கிறது, ஆனால் சேருவது அதற்காக இல்லை. வீட்டை விற்றபின் கடிதங்கள் வர ஒரு முகவரி வேண்டும், ஓட்டுநர் உரிமத்துக்கும் காப்பீட்டுக்கும் ஒரு மாநிலம் வேண்டும். அதைச் சீராகச் செய்து தருகிறார்கள்.

## பல ஆயிரம் டாலர் ஒப்பந்தங்கள்

"இரண்டு இரவு இலவசம், ஒன்றரை மணி நேரம் எங்கள் ரிசார்ட்டைச் சுற்றிப் பாருங்கள்" என்று, உறுப்பினர் ஒப்பந்தம் விற்கும் கேம்பிங் கிளப்புகளிடமிருந்து அழைப்பு வரும். விடுமுறை விடுதியில் வருடத்துக்குச் சில நாள் தங்கும் உரிமையை, அதாவது டைம்ஷேரை, விற்கும் அதே முறை. முன்பணமாகப் பல ஆயிரம் டாலர், அதன்மேல் வருடச் சந்தா, அந்தச் சந்தாவும் ஏறும். நீங்கள் போகாத வருடத்திலும் கட்ட வேண்டும். நல்ல பக்கமும் இருக்கிறது: நீண்ட முன்பதிவுக் காலம், நீண்ட தங்கல், ஒரு பார்க்கிலிருந்து இன்னொன்றுக்கு இடைவெளி இல்லாமல் போகும் வசதி. முழுநேரம் பயணிக்கும் சிலருக்கு இது உண்மையிலேயே லாபம்.

அவர்களும்கூட புதிதாக வாங்க வேண்டியதில்லை. வேண்டாம் என்று கைவிடுபவர்கள் விற்கும் பழைய உறுப்பினர் ஒப்பந்தங்கள் முதல் விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைக்கின்றன. கைமாறும்போது எந்த வசதி கழிந்துபோகும், மாற்றுக் கட்டணம் எவ்வளவு, அடுத்த வருடச் சந்தா எவ்வளவு என்ற மூன்றையும் கிளப்பிடமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அதற்கும் முன்னால் ஒரு வருடம் சாதாரணப் பாஸில் அதே பார்க்குகளில் தங்கிப் பார்ப்பது நல்லது. "இன்றைக்கு மட்டும் இந்த விலை" என்று எந்த விற்பனையாளர் சொன்னாலும் அன்றைக்குக் கையெழுத்துப் போட வேண்டாம்.

போட்டுவிட்டீர்கள் என்றால் அன்றிரவே ஒப்பந்தத்தில் ரத்து செய்யும் பகுதியைத் தேடுங்கள். பல மாநிலங்களில் சில நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் விலகச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் எழுத்தில் கேட்க வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு விட்டுவிடாமல், ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கே கடிதத்தை செர்டிஃபைட் மெயிலில் அனுப்பி, அஞ்சல் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.